குஸ்காவும் வெறும் சால்னாவும் சைவமா?

கேள்வி, 18 செப்டம்பர் 2025 (சேலம் அஸ்தம்பட்டி வாசகர்)

புரட்டாசி பிறந்துவிட்டது, வீட்டில் எல்லாரும் ஒரு மாதம் சைவம். நேற்று ஆபீசில் பிரியாணி ஆர்டர் போட்டார்கள், நான் மட்டும் குஸ்கா சொன்னேன். பக்கத்து சீட் நண்பர் அது சைவமே இல்லை என்கிறார். கறி இல்லாத வெறும் சோறுதானே? ஆப்பில்கூடப் பச்சைப் புள்ளி போட்டிருந்தது. யார் சொல்வது சரி?

18 செப்டம்பர், இரவு

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. குஸ்கா என்பது பிரியாணி அண்டாவிலிருந்து துண்டு விழாமல் அள்ளிப் போடும் சோறு. மட்டன் பிரியாணி என்றால் கறியை மசாலாவோடு வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே சீரக சம்பாவைப் போட்டுத் தம் கட்டுகிறார்கள். கறியில் இருந்து இறங்கிய கொழுப்பு அத்தனையும் அரிசியில்தான் ஏறும், குஸ்காவுக்கு ருசியே அதனால் வருவது. கறி சேர்க்காமல் தனி அண்டாவில் தாளிக்கும் கடைகளும் உண்டு, ஆனால் அதைப் பெரும்பாலும் வெஜ் பிரியாணி என்ற பெயரில் விற்கிறார்கள். வெறுமனே குஸ்கா என்று எழுதியிருந்தால் அண்டா ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பில் இருக்கும் பச்சைப் புள்ளி கடைக்காரர் பட்டியல் ஏற்றும்போது அவரே சொல்வது. யாரும் வந்து அண்டாவைத் திறந்து பார்த்துப் போடுவதில்லை.

18 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

தால்சாவை விட்டுவிட்டேனே. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பார்களே, பருப்பும் கத்தரிக்காயும் போட்டு சாம்பார் மாதிரி இருக்கும். அதில் ஆட்டு எலும்பும் கொழுப்பும் போட்டுக் கொதிக்கவிடுவதுதான் வழக்கம். எலும்பு சட்டி அடியில் தங்கிவிடும், உங்கள் கிண்ணத்தில் பருப்பு மட்டும் வரும்.

19 செப்டம்பர்

சால்னா பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இதில் ஒரே பதில் சொல்ல முடியாது. தேங்காய், சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை அரைத்து, தக்காளி வதக்கிக் கறியே சேர்க்காமல் சால்னா வைக்கும் பரோட்டாக் கடைகள் சேலத்தில் நிறைய உண்டு. அது அசல் சைவம், ருசியும் குறையாது. வேறு சில கடைகளில் கோழிக் குழம்பில் தண்ணீர் விட்டு நீட்டியதுதான் வெறும் சால்னா. இன்னும் சில இடங்களில் எலும்பை மட்டும் தனியாகக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் கூட்டுகிறார்கள். மூன்றும் ஒரே நிறம், ஒரே வாளி, ஒரே கரண்டி.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். “சைவந்தானுங்களா?” “சைவந்தானுங்க, பீஸ் எதுவும் வராதுங்க.” அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை தட்டில் துண்டு விழாவிட்டால் அது சைவம். அப்புறம் கேள்வியை மாற்றி, “இது தனியா வெச்சதா தம்பி, கோழிக் குழம்புலேர்ந்து எடுத்ததா?” என்றேன். “கோழிக் குழம்புதானுங்க்கா” என்று உடனே சொல்லிவிட்டான். எதையும் மறைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். சைவமா என்று கேட்டால் ஒரு பதில் வருகிறது, எதில் கொதித்தது என்று கேட்டால் வேறு பதில் வருகிறது.

20 செப்டம்பர், முதல் சனிக்கிழமை

பரோட்டாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவு பிசையும்போது மிருதுவாக வரவேண்டும் என்று முட்டை உடைத்து ஊற்றும் மாஸ்டர்கள் உண்டு. எல்லாரும் இல்லை. பாலும் சர்க்கரையும் எண்ணெயும் மட்டும் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, முட்டைக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? அதனால் மாவில் முட்டை போடுவதைச் சொல்ல வேண்டிய விஷயமாகவே பல பேர் நினைப்பதில்லை.

24 செப்டம்பர்

“இவ்வளவு பார்த்தால் வெளியில் எங்கேயும் சாப்பிடவே முடியாது, மனசு சுத்தமாக இருந்தால் போதும்” என்று எழுதியிருக்கிறார் ஒருவர். மனசு அவரவர் விஷயம். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவருக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும், நான் பேசுவது அதைப் பற்றி மட்டும்.

அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அம்மா பிறந்ததிலிருந்து சைவம், முட்டை வாசனைகூட ஆகாது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்ததும் அவர்களுக்கு வயிற்றைப் பிரட்டியது. மேலே நல்ல குளிர் வேறு, சூடாக சூப் குடித்தால் தேவலாம் என்றார்கள். நாங்கள் தங்கிய ரிசார்ட்டிலேயே மெனு கார்டில் பச்சைப் புள்ளி போட்ட ஸ்வீட் கார்ன் வெஜ் சூப். கேப்டனிடம் இரண்டு தடவை கேட்டேன், “ப்யூர் வெஜ் மேடம்” என்றார். அம்மா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்கள். “என்னமோ வாடை அடிக்குது கண்ணு.” நான் சமையலறை வாசல் வரைக்கும் போய் அங்கே இருந்தவரிடம், “அண்ணா, சூப்புக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?” என்று கேட்டேன். காலையில் கோழி எலும்பில் ஒரு பெரிய பாத்திரம் ஸ்டாக் வைத்துவிடுவார்களாம். எல்லா சூப்புக்கும் அதுதான். கோழித் துண்டும் முட்டையும் போட்டால் நான்வெஜ், போடாவிட்டால் வெஜ். அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். அவர் படித்த கேட்டரிங் பாடத்திலும் சூப்புக்கு அடிப்படை ஸ்டாக்தான், அதில் அவருக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

அம்மா யாரையும் திட்டவில்லை. அறைக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளித்தார்கள், அந்தக் குளிரில். அன்றைக்கு ராத்திரி எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் சேர்வராயன் கோயிலுக்குப் போகலாம் என்று திட்டம் போட்டிருந்தோம், “இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வரலாம்” என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் வருத்தப்பட்டதை இதில் எழுதி எனக்கு என்ன ஆகப்போகிறது என்று யோசித்தேன். ஆனால் மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று படித்ததும் எழுதத்தான் தோன்றியது.

25 செப்டம்பர்

அஜினமோட்டோ மாட்டெலும்பில் செய்வது என்று ஒருவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். கிடையாது. 1908-ல் ஜப்பானில் இகேதா கிகுனாயே கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்த உப்பு அது. இப்போது கரும்புச் சர்க்கரைப் பாகு, மரவள்ளி மாவு, சோளமாவு போன்றவற்றை நொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். பாக்கெட்டின் பொருள் பட்டியலில் 621 என்ற எண்ணாக இருக்கும். உடம்புக்கு வேண்டாம் என்று ஒதுக்கினால் அது உங்கள் விருப்பம், அசைவம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வெள்ளைச் சர்க்கரை பற்றிக் கேட்டவருக்கும் சேர்த்து: எலும்புக் கரியில் வடிகட்டுவது வெளிநாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் சிலவற்றில் நடப்பது. நம் ஊர்ச் சர்க்கரை ஆலைகளில் பெரும்பாலும் கந்தகப் புகை கொண்டு வெளுக்கவைக்கிறார்கள்.

28 செப்டம்பர்

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். லீ பஜாரில் ஹோட்டல்களுக்கு மளிகை போடும் ஒரு கடையில் ரொம்ப வருஷம் பில் எழுதினேன். எந்த ஹோட்டலுக்கு என்ன போகிறது என்று பில் எழுதுகிறவருக்குத் தெரிந்துவிடும்.

வாசலில் ‘சுத்த சைவம்’ என்று பலகை மாட்டிய ஒரு ஹோட்டலின் மாதச் சரக்குச் சீட்டில் சிக்கன் பவுடர் டப்பா இருந்தது. முதலில் வேறு கடைச் சீட்டு மாறி வந்துவிட்டது என்று நினைத்து போன் போட்டேன். சரக்கு எழுதிய மாஸ்டர் எடுத்துப் பேசினார், எழுதியது சரிதான் என்றார். அவர் சைனீஸ் மாஸ்டர், வெளியூரிலிருந்து வந்தவர், ஃபிரைடு ரைசுக்கும் மஞ்சூரியனுக்கும் அதைத் தூவினால்தான் வாசனை தூக்கும் என்று பழகிவிட்டவர். அடுத்த வாரம் முதலாளி கணக்கு முடிக்கக் கடைக்கு வந்தார். நெற்றியில் திருநீறு, வீட்டில் பூண்டுகூடச் சேர்க்காத மனிதர். சீட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். “என் கடையிலயா?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தச் சரக்கு அவர் சீட்டில் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஏமாற்றுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலாளிக்கே தெரியாமல் அடுப்பங்கரையில் நடப்பது அதைவிட அதிகம். பலகை எழுதுகிறவர் ஒருவர், சரக்கு எழுதுகிறவர் இன்னொருவர். ருசிக்குத் தூவும் அரோமேட் பவுடர், சூப் கியூப் இவற்றில் பச்சைப் புள்ளி போட்டதும் கிடைக்கிறது, மற்றதும் கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது. முதலாளிமார் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே சரக்கு அறைக்குள் போய்ப் பாருங்கள்.

2 அக்டோபர்

இன்று காந்தி ஜெயந்தி, கறிக்கடை எல்லாம் மூடல். ஆனால் காலையிலிருந்து குஸ்கா ஆர்டர் வாங்குகிறார்கள். கறியே இல்லாத நாளில் குஸ்கா எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார் நம் அஸ்தம்பட்டி நண்பர். நேற்றே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்த கறி என்பதுதான் பதில்.

5 அக்டோபர்

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டதற்கு எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதியில் அசைவம் என்றால் விலங்கு, பறவை, மீன், பூச்சி, முட்டை, விலங்கிலிருந்து வரும் எந்தப் பொருள் சேர்ந்தாலும் அசைவம். பால், பால் பொருள், தேன், தேன்மெழுகு, அரக்கு இவை விலக்கு. மிட்டாய்க்கு மினுமினுப்புக்காகப் பூசும் அரக்கு பூச்சியிலிருந்து வருவதுதான், ஆனாலும் பச்சைப் புள்ளி கிடைக்கும். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் 904 என்ற எண்ணைப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, இப்போது சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தெரியவேண்டும் என்று வடிவத்தை மாற்றினார்கள், நல்ல காரியம்.

சிக்கல் எண்களில் இருக்கிறது. 631 என்பது ருசி கூட்டும் பொருள். இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கலாம், மாவுச்சத்தை நொதிக்கவைத்தும் எடுக்கலாம். பாக்கெட்டில் எண்ணை மட்டும் போட்டால் எதிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த 631-ஐயே உதாரணமாகக் காட்டி, எவ்வளவு சின்ன அளவாக இருந்தாலும் ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்தா விலங்கிலிருந்தா என்று சொல்லியாக வேண்டும் என்றது. தெரிந்துகொள்வது சாப்பிடுகிறவரின் உரிமை என்ற அடிப்படையில் வந்த உத்தரவு. 120 என்பது ஒரு பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்பு. 2012-ல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெர்ரி பானத்தில் இந்தச் சிவப்பைப் போடுவது வெளியே தெரிந்து, எதிர்ப்பு வந்தபின் தக்காளியிலிருந்து எடுக்கும் நிறத்துக்கு மாறினார்கள். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் 471 பாமாயிலிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். பச்சைப் புள்ளி இருக்கும் பாக்கெட்டில் இந்த எண்களைப் பார்த்தால் பதற வேண்டாம், தாவர வழியில் வந்தது என்று தயாரிப்பவர் பொறுப்பேற்றுப் போட்ட புள்ளி அது.

இதெல்லாம் பாக்கெட்டுக்கு. ஹோட்டல் தட்டுக்கு யார் பொருள் பட்டியல் ஒட்டுகிறார்கள்? கலோரி, ஒவ்வாமை விவரங்களை மெனுவில் காட்டும் விதி மத்திய உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருப்பவர்களுக்கும் வந்திருக்கிறது. நம் பஸ் ஸ்டாண்ட் ஹோட்டலுக்கு அது வராது. அதனால் அங்கே வாய் திறந்து கேட்பதுதான் வழி.

6 அக்டோபர்

631 தயாரிக்கும் மாவுச்சத்துக்கு மரவள்ளி ஆகுமா என்று கேட்டவருக்கு: ஆகும். ஆத்தூர் ரோட்டில் இரண்டு பக்கமும் மரவள்ளியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை பார்த்து வளர்ந்த நமக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

11 அக்டோபர்

பேக்கரிக்கு வருகிறேன். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. வெஜ் பப்ஸ் மேலே பளபளவென்று பொன்னிறமாக இருக்கிறதே, அது முட்டையை அடித்து பிரஷ்ஷால் தடவி அடுப்பில் வைப்பதால் வருவது. உள்ளே உருளைக்கிழங்கு, மேலே முட்டை. எக் பப்ஸ், சிக்கன் பப்ஸ், வெஜ் பப்ஸ் மூன்றையும் ஒரே டிரேயில் அடுக்கி ஒரே கையால் தடவுகிறார்கள். பால் தடவினாலும் நிறம் வரும், கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். எங்கள் தெரு பேக்கரிக்காரர் நாங்கள் நான்கைந்து பேர் சொன்னபிறகு வெஜ் பப்ஸுக்குத் தனி டிரே வைத்துப் பால் தடவ ஆரம்பித்தார். விற்பனை குறையவில்லை, சனிக்கிழமைகளில் கூடியிருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

மயோனைஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டார்கள். உணவு விஷமாவதைத் தடுக்கக் கொண்டுவந்தது, சைவ அசைவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதனால் பல கடைகள் முட்டை சேராத பாக்கெட் மயோனைஸுக்கு மாறிவிட்டன. வெஜ் சாண்ட்விச்சிலும் மோமோ பக்கத்திலும் வைக்கும் அந்த வெள்ளைச் சாஸ் இப்போது முன்பைவிடப் பரவாயில்லை. இருந்தாலும் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள்.

மார்ஜரின், வனஸ்பதி பற்றிப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள். 1983-ல் இறக்குமதி செய்த மாட்டுக் கொழுப்பை வனஸ்பதியில் கலந்தது நாடு முழுக்கப் பெரிய பிரச்சினையானது, அரசு அந்த இறக்குமதியையே நிறுத்தியது. என் அப்பா அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் வனஸ்பதி டின்னை வீட்டுக்குள் விடவில்லை. இன்றைக்குக் கிடைக்கும் பாக்கெட்டில் பனை எண்ணெய்தான் முக்கியமாக இருக்கும், லேபிளைப் படியுங்கள்.

12 அக்டோபர்

ஏரிக்கரை பஜ்ஜியைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். ஏற்காட்டில் படகு இல்லத்துக்கு எதிரே மிளகாய் பஜ்ஜி, பிரெட் பஜ்ஜி, முட்டை பஜ்ஜி எல்லாம் ஒரே சட்டி. முட்டையை முழுசாக மாவில் தோய்த்துப் போடுவதால் எண்ணெயில் பெரிதாக எதுவும் இறங்காது என்பார்கள். சரி, ஆனால் அதே சட்டியில் மீன் வறுத்தால்? எந்த நேரத்தில் எது போடுவார்கள் என்று சொல்ல முடியாது. சட்டியைக் கண்ணால் பார்த்து வாங்கலாம் என்பதால் எனக்கு அந்தக் கடைகள்மேல் கோபமே இல்லை. கதவுக்குப் பின்னால் நடப்பதுதான் எனக்குப் பிரச்சினை. கோபி சிக்ஸ்டி ஃபைவ் பொரித்த எண்ணெயில்தான் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவும் பொரிந்தது என்று மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

19 அக்டோபர்

நாளைக்குத் தீபாவளி. ஸ்வீட் மேல் ஒட்டும் வெள்ளித் தாள் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முன்பு வெள்ளியை மாட்டுக் குடல் தோலின் மடிப்புகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்து மெல்லியதாக்குவார்கள். 2016-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வெள்ளித் தாள் தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் விலங்குப் பொருள் கூடாது என்று விதி கொண்டுவந்தது. இயந்திரத்தில் காகிதத்துக்கு நடுவே அடித்த தாள் இப்போது கிடைக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் சில ஸ்வீட் கடைகளில் கேட்டால் தாள் வந்த பாக்கெட்டையே எடுத்துக் காட்டுகிறார்கள். அங்கே வரும் ஜைனக் குடும்பங்கள் பல வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் கடைக்காரர்களைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். அவர்கள் ‘சைவமா’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. வெங்காயம் இருக்கா, பூண்டு இருக்கா, கிழங்கு இருக்கா, தாள் எது என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், பதிலும் அதேபோலத் தெளிவாக வருகிறது. நாம் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, மூஸ் இவற்றில் ஜெலட்டின் இருக்க வாய்ப்பு அதிகம், அது எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. ஏற்காட்டில் சாக்லேட் கடைகளில் குழந்தைகள் கேட்கும் கலர் கலரான மெத்து மிட்டாயைப் பொட்டலமாகக் கட்டித் தரும்போது லேபிள் இருக்காது, பெரிய பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஃபலூடாவில் போடும் ஜெல்லியைக் கடற்பாசியில் செய்கிற கடைகளும் உண்டு. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் கிடைக்கும் அதேதான். வாயில் வைத்ததும் கரைந்தால் ஜெலட்டின், நறுக்கென்று உடைந்தால் கடற்பாசி, பெரும்பாலும் இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதற்கு வாயில் வைக்க வேண்டியிருக்கிறதே.

26 அக்டோபர்

இது சைவம் சாப்பிடுகிறவர்களின் வீம்பு என்று எழுதியவருக்காக இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. கறி, கோழி, முட்டை எல்லாம் சாப்பிடுவான், இறால், நண்டு மட்டும் ஆகாது. ஒரு ரெஸ்டாரண்டில், எந்த ஊர் என்று சொல்லவில்லை, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே வெஜ் தாய் கறி சொன்னான். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் சரியானது. தாய்லாந்துக் கறி மசாலாவில் காய்ந்த இறால் விழுது சேர்ப்பது அங்கே வழக்கம், டப்பாவில் சின்ன எழுத்தில் எழுதியே இருந்தது. அடுப்படியில் யாரும் படிக்கவில்லை.

தாய் மசாலா மட்டும் இல்லை. கொரியக் கிம்ச்சியில் மீன் சாஸ் அல்லது உப்பிட்ட சின்ன இறால், சீசர் சாலட் டிரெசிங்கிலும் வொர்செஸ்டர்ஷைர் சாஸிலும் நெத்திலி வகை மீன், இலங்கைச் சம்பலில் மாசி என்ற காய்ந்த மீன். இந்தப் பெயர்களைப் பார்க்கும்போது ஒரு மரக்கறிப் படம் மனசில் வருகிறது, மீன் ஞாபகமே வருவதில்லை. நெத்திலி சேராத வொர்செஸ்டர்ஷைர் சாஸ் பச்சைப் புள்ளியோடு இங்கேயே கிடைக்கிறது, இறால் சேராத தாய் மசாலாவும் கிடைக்கிறது. வாங்கும்போது பார்த்து வாங்கினால் முடிந்தது.

ஒருவருக்கு விரதம், ஒருவருக்குப் பழக்கம், ஒருவருக்கு உயிர். மூன்று பேருக்கும் தெரியவேண்டியது ஒன்றுதான்.

2 நவம்பர்

முதலில் எழுத ஆரம்பித்தபோது எல்லாக் கடையிலும் தனி அடுப்பு, தனி எண்ணெய், தனி ஆள் வேண்டும் என்று எனக்கு இருந்தது. இந்த ஒன்றரை மாதப் பேச்சில் அது கொஞ்சம் மாறியிருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தட்டுவடை செட் போடும் அக்கா ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தள்ளுவண்டி, அதில் தட்டுவடைக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்துத் தரும் செட், தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கல், முட்டை நொறுக்கல். மாலையில் நாலு மணிக்கு வந்து ஒன்பது மணிக்குப் போகிறவர். அவரிடம் இரண்டு வண்டி வை என்று யார் சொல்வது? அவர் செய்வதைச் சொன்னார். முட்டைக்கு ஒரு தனிக் கிண்ணம், தனி ஸ்பூன். “முட்டை சேராதவங்க முன்னாடியே சொல்லீருங்க சாமி” என்று வந்தவர்களிடம் அவரே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். எனக்கு அது போதும் என்று தோன்றியது. பத்துப் பேர் வேலை செய்யும், ஏசி போட்ட, லேமினேட் செய்த மெனு கொடுக்கும் ரெஸ்டாரண்ட் இதே வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

தனி அடுப்பு வைக்க முடியாவிட்டால் பச்சைப் புள்ளியை எடுத்துவிட்டு ‘கோழி ஸ்டாக் சேர்த்தது’, ‘பொது எண்ணெயில் பொரித்தது’ என்று ஒரு வரி எழுதட்டும். சாப்பிடுகிறவர் சாப்பிடுவார், வேண்டாதவர் தயிர் சாதம் சொல்லிக்கொள்வார். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் 1990-ல் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டதாக அறிவித்தது, ஆனால் உருளைக்கிழங்கு ஃபிரைஸில் மாட்டிறைச்சிச் சாறு வாசனைக்குச் சேர்ந்துகொண்டே இருந்தது. அங்கே இருந்த நம் ஆட்கள் வருஷக் கணக்கில் சைவம் என்று நம்பிச் சாப்பிட்டிருக்கிறார்கள். 2001-ல் வழக்குப் போட்டார்கள், அடுத்த ஆண்டு ஒரு கோடி டாலர் கொடுத்து மன்னிப்பும் கேட்டு முடித்தார்கள். எண்ணெய் என்ன என்று சொன்னார்கள், உருளைக்கிழங்கில் என்ன தடவியிருக்கிறது என்று சொல்லவில்லை.

3 நவம்பர்

புகார் எங்கே செய்வது என்று கேட்டவருக்கு: கடையில் 14 இலக்க உரிம எண் மாட்டியிருக்க வேண்டும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லை வைத்திருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் வழியாகப் பதியலாம், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் முதலில் முதலாளியிடம் நேரில் சொல்லிப் பாருங்கள். சிக்கன் பவுடர் சீட்டுக் கதை மேலே எழுதியிருக்கிறேன்.

18 நவம்பர்

கார்த்திகை பிறந்துவிட்டது, மாலை போட்ட சாமிமார் நிறையப் பேர் இந்தப் பக்கத்தைப் படிப்பதாகச் சொன்னீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் எல்லா வேளையும் வீட்டில் சாப்பிட முடியாது. முட்டையும் கறியும் உள்ளேயே வராத சைவ ஹோட்டலில் இட்லி, பொங்கல், சாம்பார் சாதம் என்று முடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கேயும் ஃபிரைடு ரைஸ், மஞ்சூரியன், சூப் மூன்றை மட்டும் விசாரித்துச் சாப்பிடுங்கள். கலப்பு ஹோட்டல் என்றால் முட்டை தோசை ஊற்றிய கல்லில்தான் உங்கள் பொடி தோசையும் வரும். டீக்கடையில் பன், வர்க்கி போன்றவற்றில் முட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், வெஜ் பப்ஸ் வேண்டவே வேண்டாம். கேப்ஸ்யூல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதன் கூடு பெரும்பாலும் ஜெலட்டின், அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு வடிவில் எழுதித் தர முடியுமா என்று பார்ப்பார்.

போனில் ஆர்டர் செய்தால் நான் இப்படித்தான் கேட்கிறேன்: “சூப்புக்கு என்ன தண்ணி? எண்ணெய் தனியா, பொதுவா? மாவுல முட்டை இருக்குங்களா?” இரண்டாவது கேள்விக்குள் எதிரே இருப்பவர் “ஒரு நிமிஷம் மேடம், மாஸ்டரைக் கேட்டுச் சொல்றேன்” என்பார். அப்படிச் சொன்னால் நல்ல கடை.

20 நவம்பர்

ஜவ்வரிசிப் பாயசம், ஜவ்வரிசி வடாம் பற்றிச் சந்தேகம் கேட்டிருக்கிறார் ஒரு சாமி. ஜவ்வரிசி முழுக்க மரவள்ளிக் கிழங்கு மாவு, தாராளமாகச் சாப்பிடலாம். வடாம் வெளியில் வாங்கினால் எந்த எண்ணெயில் பொரித்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.